உறவு: தெரிந்தவர்

அந்தச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பதினெட்டுப் பேருக்கும் அவள் அக்கா. அவளைவிட நாலு வயது மூத்த இஸ்திரி அண்ணனுக்கும் அக்கா, அழுக்கு மூட்டை கொண்டுவந்து இறக்குகிற வேன் டிரைவருக்கும் அக்கா. சம்பளம் கொடுக்கிற முதலாளியம்மாவே சில நேரம் வாய்தவறி அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மடிப்பு மேசை அவள் பொறுப்பில் இருந்ததால் 'மடிப்பக்கா' என்று முழுப்பட்டமும் உண்டு. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அவள் அக்கா இல்லை. அந்த இடத்தில்தான் அவளுடைய சொந்தத் தம்பி இருந்தான்.

சுற்றி வளைப்பானேன், சிறைச்சாலை. மரக்கடைகளையும் டயர் கடைகளையும் தாண்டி, பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் அந்த உயரமான சுவர் வரும். ஐந்து வருடத் தண்டனையில் இரண்டு வருடம் பத்து மாதம் கழிந்திருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை அவள் போவாள். பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லி அரைநாள் லீவு எடுப்பாள். முதல் ஆறு மாதம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கிண்டல் ஆரம்பித்தது. மாசா மாசம் போறீங்களே, வாயில மொத்தம் எத்தனை பல்லுதான் வச்சிருக்கீங்க என்று இஸ்திரி அண்ணன் கேட்பார். கூடமே சிரிக்கும். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பொத்தாமல் சிரித்தால் குட்டு உடைந்துவிடும், அவளுக்கு முப்பத்திரண்டு பல்லும் கல்லு கல்லாக இருந்தன.

தம்பி எங்கே என்று கேட்டால் கப்பலில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு பொய்யைச் சொன்னோமா, விட்டோமா என்று இருக்க முடிகிறதா? கப்பல் என்றால் அது எங்கேயாவது போகவேண்டும், எங்கேயாவது நிற்கவேண்டும். இஸ்திரி அண்ணன் விடாமல் கேட்பார், இப்போது எந்த ஊரில் நிற்கிறது, அடுத்து எங்கே போகும் என்று. அவருக்குப் பையனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அம்மா போன பிறகு அக்காதான் அவனுக்கு எல்லாம். பள்ளிக்கூடம் விட்டால் நேராகக் கூடத்துக்கு வந்து, சூடு ஆறாத துண்டு மூட்டைமேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுவான். வேலை முடிந்ததும் இஸ்திரி அண்ணன்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வரைக்கும் வருவார். அப்படிப்பட்ட மனிதரிடம் அவள் பழைய காலண்டரில் பார்த்த துறைமுகங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் செய்தது சின்னத் தப்பு இல்லை. ஒரு சாயங்காலம் நண்பன் வீட்டு விருந்தில் குடித்துவிட்டு, அங்கே நின்ற காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். முன்னால் சைக்கிளில் போனவர் ஒரு பள்ளிக்கூடத்துக் காவல்காரர். கார் மோதின இடத்திலேயே அவர் உயிர் போய்விட்டது. அவன் ஓடவில்லை. போலீஸ் வருகிறவரை ரோட்டோரமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். அதற்காக அவனுக்கு மெடல் குத்திவிட முடியாது. போன உயிர் போனதுதான்.

தீர்ப்புச் சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வெயில் வெளுத்து வாங்கியது. இவளுக்கு உதடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள், குடிங்க என்றாள். இவளும் வாங்கிக் குடித்துவிட்டாள். குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது. அந்தப் பெண் காவல்காரரின் மனைவி. காரை ஏத்தினவனுக்கு இன்னிக்கு என்ன சொல்றாங்கன்னு பாக்கத்தான் வந்தேன் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். நீங்க யாருக்காக வந்திருக்கீங்க என்றும் கேட்டாள். வாய் எதைச் சொல்வது என்று இவள் யோசிக்கவே இல்லை. "தெரிஞ்சவங்க ஒருத்தருக்காக" என்று அதுவாகச் சொல்லியது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் தம்பி அந்த வழியாகப் போனபோது இவள் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அந்த வார்த்தை அப்புறம் நாக்கிலேயே தங்கிவிட்டது. சிறைக்கு முதன்முதலில் போன அன்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, ஊருக்கே கேட்கிற மாதிரி, "கைதிக்கு நீங்க என்ன உறவு?" என்று கத்தினார். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவள் தெரிஞ்சவங்க என்றாள். அவர் டப்பென்று ஒரு முத்திரை குத்தி மஞ்சள் அட்டை ஒன்றைத் தள்ளினார். சொந்தக்காரர்களுக்கு நீல அட்டை, மாதம் இரண்டு தடவை வரலாம். மற்றவர்களுக்கு மஞ்சள், ஒரு தடவைதான். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த மாதம் அதற்கடுத்த மாதமாகி, அட்டையும் ஓரம் கிழிந்து, ஒட்டுப்போட்டு, அப்படியே ஓடியது.

ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு எழுதவேண்டும். கைதி எண், பேர், வந்தவர் பேர், உறவு. நாலாவது கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதுவாள். அவளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், அந்த வார்த்தையையும் குண்டு குண்டாக அழகாகவே எழுதுவாள், கருமம். சீட்டைக் கொடுத்துவிட்டால் தடுப்புக்கு அப்புறம் இருக்கிற காவலர் வாங்கிக்கொண்டு உள்ளே போவார். அது குப்பைக்குப் போகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதற்குப்பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், ஆளுக்கொரு ரிசீவர், இருபது நிமிடம். சாப்பிட்டியா, தூங்கினியா, இருமல் போச்சா. அவ்வளவுதான் பேச முடிந்தது. கடிதம் மட்டும் வேண்டாம் என்று முதல் மாதமே கறாராகச் சொல்லிவிட்டாள். அவன் அனுப்பினால் உறையில் சிறை முத்திரை இருக்கும், தபால்காரர் பார்ப்பார், கீழ்வீட்டில் பார்ப்பார்கள். இவள் அனுப்பினால் தபால் ஆபீஸில் விலாசத்தைப் படிப்பார்கள். "சரிக்கா" என்று அவன் தலையாட்டினான்.

வருடத்துக்கு இரண்டு தடவை அங்கே நேர் சந்திப்பு என்று ஒன்று நடக்கும். கண்ணாடி கிடையாது. ஒரே மேசையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் அது வரும்போது அவள் ஆசையாகக் கேட்பாள். குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள், என் நம்பர் விழவில்லை என்பான் தம்பி. ஐந்து தடவை விழவில்லை. உன் அதிர்ஷ்டம் நமக்குத் தெரிஞ்சதுதானே என்று இவளும் அலுத்துக்கொள்வாள்.

வெளியே காத்திருக்கிற கொட்டகையில் அவளுக்கு ஒருவர் பழக்கமாகியிருந்தார். பஸ் ஓட்டி ரிட்டையரான ஒரு பெரியவர், மகனைப் பார்க்க வருகிறவர். இவளுக்காக நிழலில் இடம் பிடித்து வைப்பார், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். அன்றைக்கும் டீயை நீட்டிக்கொண்டே, அடுத்த சனிக்கிழமை நேர் சந்திப்பு வருகிறது, மகனுக்குச் சட்டை எடுத்திருக்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். இவள், உங்க பையன் நம்பர் குலுக்கலில் விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.

பெரியவர் விழித்தார். "குலுக்கலா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. நீல அட்டை இருந்தா எல்லாருக்கும் உண்டு. கூடப்பொறந்தவங்க, பெத்தவங்க, கட்டினவங்க யாரு வேணா போலாம். உங்களுதுதான் மஞ்சளாச்சே." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன்மா. என் சொந்தத் தங்கச்சி ஒரு தடவ வந்து எம்மவனைப் பாக்கல. நீங்க யாருமில்லாத ஒரு பையனுக்காக மாசம் தவறாம வரீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

இதை அவர் முதல் தடவையாகச் சொல்லவில்லை. இதுதான் அசிங்கம். இரண்டு வருடமாக இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இவளும் மறுக்காமல் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று அவர் நினைப்பார். அதைவிடக் கேவலம் என்னவென்றால், அந்தப் புகழ்ச்சி இவளுக்குக் கொஞ்சம் இனித்தது. கைதியின் அக்கா என்றால் பரிதாபப்படுவார்கள். யாரோ ஒரு புண்ணியவதி என்றால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். இன்றைக்கு அந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். தம்பிக்கு நம்பர் விழாமல் போனதற்குக் காரணம் தன் கையெழுத்துதான் என்று அவளுக்கு உறைத்தது. இன்னொன்றும் சேர்ந்தே உறைத்தது. குலுக்கல் என்று ஐந்து தடவை கதை கட்டினானே, அப்படியானால் அவனுக்கு விஷயம் தெரியும்.

சட்டென்று எழுந்தாள். நேராகக் கைதிகள் நலன் அலுவலர் அறைக்குப் போனாள். சின்ன அறை, பெரிய மேசை, மேசை முழுக்கக் கோப்பு. அலுவலர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்ன என்று கேட்டார். அட்டையில் உறவு தப்பாக இருக்கிறது, மாற்றவேண்டும் என்றாள். எழுத்தில் பிழையா என்றார். இல்லை, உறவே தப்பு என்றாள். அவர் கோப்பை எடுத்துப் புரட்டினார். புரட்டின கை நின்றது. நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் எவருமில்லை என்று கைதியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அவர் படித்துக் காட்டினார். ஆபத்து என்றால் யாருக்குச் சொல்லவேண்டும் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தது.

"அவன் ஏன் அப்படி எழுதினான்?" என்றாள்.

"நீங்க ஏன் தெரிஞ்சவங்கன்னு எழுதுனீங்க? அந்தச் சீட்டு அவர் கைக்குத்தானே போகுது. யார் வந்திருக்காங்கன்னு அதப் பாத்துத்தான் அவங்க கிளம்பி வருவாங்க."

குப்பைக்குப் போகவில்லை. மாதா மாதம் அவள் கையால் எழுதி, அவன் கையில் கொடுத்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அலுவலர் மோசமான ஆள் இல்லை. பேசிப் பயனில்லை, அவனையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று காவலரை அனுப்பினார்.

தம்பி வந்து வாசலிலேயே நின்றான். இரண்டு வருடம் பத்து மாதத்தில் முதல் தடவையாக நடுவில் கண்ணாடி இல்லை. ஆனால் அவன் பார்த்தது என்ன? அதிகாரி அறையில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு, முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிற அக்காவை. ஏதோ மாட்டிக்கொண்டாள் என்று நினைத்துவிட்டான். அலுவலர் அவளைக் காட்டி, இவங்க உனக்கு யாரு என்று கேட்டார். அவன் ஒரு நொடி அக்கா முகத்தைப் பார்த்தான். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, தெளிவாக, திக்காமல் சொன்னான்.

"தெரிஞ்சவங்க, சார். நல்லவங்க. பாவம்னு பாக்க வருவாங்க. வேற ஒண்ணுமில்ல."

கோர்ட் வராந்தாவில் அவள் சொன்ன அதே வார்த்தை. அது திரும்பி வந்து முகத்தில் அறைந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கூச்சம்தான் வந்தது. உட்கார்ந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல ஒரு கூச்சம். "சார், அவன் என் தம்பி சார். நான் தூக்கி வளத்த புள்ள" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். தம்பி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அலுவலர் பேனாவை மூடினார். அவர் இல்லை என்கிறார், நீங்கள் ஆமாம் என்கிறீர்கள், நான் எதை எழுதுவது என்று கேட்டார். அவள் அடையாள அட்டையில் செத்துப்போன கணவர் பெயர், அவன் அடையாள அட்டையில் அப்பா பெயர். இரண்டையும் சேர்க்கிற சான்றிதழ் வாங்க இரண்டு மாதம் ஆகும். ஒரே ஒரு வழி சொன்னார். உங்கள் இரண்டு பேரையும் பத்து வருடமாகத் தெரிந்த ஒருவர், உத்தியோகத்தில் இருப்பவர், இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று எழுதி, வேலை பார்க்கிற இடத்து முத்திரையும் வைத்துத் தரவேண்டும். புதன்கிழமைக்குள் வந்தால் சனிக்கிழமைப் பட்டியலில் சேர்க்கலாம். வராவிட்டால் இன்னும் ஆறு மாதம்.

பத்து வருடம் என்றால் இஸ்திரி அண்ணன்தான். வேறு யாரும் கிடையாது. முத்திரையும் அவர் மேசை டிராயரில்தான் இருந்தது, கூடத்துக்கு அவர்தான் மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ஆறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவரைப் பார்த்ததும் ஆறும் மறந்துவிட்டது. பல்லு எப்படிக்கா இருக்கு என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். ஹோட்டல் விரிப்பு மூட்டை வந்திருந்தது. பெரிய விரிப்பு, ஒரு ஆளால் மடிக்க முடியாது. கூட மடிக்கிற பெண் இன்னும் வரவில்லை. அண்ணே, ஒரு கை பிடிங்க என்றாள்.

விரிப்பை மடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தள்ளி நிற்கவேண்டும். தூக்கி ஒரு உதறு உதறவேண்டும். உதறும்போது துணி காற்றை வாங்கிக்கொண்டு மேலே எழும், எதிரே நிற்பவர் முகம் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் அவளால் சொல்ல முடிந்தது. "அண்ணே, தம்பி கப்பல்ல இல்ல. ஜெயில்ல இருக்கான். குடிச்சுட்டு வண்டி ஓட்டி ஒருத்தரக் கொன்னுட்டான்."

துணி இறங்கியது. அவர் முனையை விடவில்லை. பழக்கத்தில் கை பாட்டுக்கு மடித்தது. நீளவாக்கில் பாதி, மறுபடி பாதி. அப்புறம் முனையோடு முனை சேர்க்க இரண்டு பேரும் நடந்து பக்கத்தில் வரவேண்டும். வந்தார்கள். கைகள் தொட்டபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியதாகிவிட்டது. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"அப்ப அந்தக் கப்பலு?"

"கப்பல் இல்லண்ணே."

"எம்பொண்ணு செவுத்துல மேப்பு ஒட்டி வச்சிருக்கு. நீங்க சொன்ன ஊருக்கெல்லாம் ஊசி குத்தியிருக்கு. பதினோரு ஊசி. மாமா எப்ப வருவாருன்னு கேக்கும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். மிச்ச விஷயத்தையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். மஞ்சள் அட்டை, சீட்டு, அவன் சுவரைப் பார்த்துச் சொன்னது, புதன்கிழமைக்குள் வேண்டிய கையெழுத்து. இஸ்திரி அண்ணன் துணி தேய்க்கிற ரோலர் பக்கம் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்த மனிதர் ஒரு ஜோக் அடிக்கவில்லை. கூடத்தில் எல்லோரும் அவருக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். அவள் மடித்த விரிப்புகளையே பிரித்து மறுபடி மடித்தாள்.

வேலை முடிந்து விளக்கை அணைக்கிற நேரத்தில் அவர் காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியிருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவனைத் தெரியும், அவன் தன் அக்காவால் வளர்க்கப்பட்டவன் என்று ஒரு வரி கூடுதலாகவே எழுதியிருந்தார். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"அவன் தப்புப் பண்ணான், உள்ள இருக்கான். அது நியாயம். நீங்க எதுக்குக்கா எங்கள இத்தன வருஷம் கப்பல்ல ஏத்தினீங்க? நான் அவனைத் தோள்ல தூக்கிட்டு நடந்தவன்தானே? ஒரு தடவ வந்து பாத்திருக்க மாட்டேனா?"

அவர் போய்விட்டார். கறை எடுக்கிற மருந்து வாசனை அடிக்கிற அந்தக் காலிக் கூடத்தில் அவள் வெகுநேரம் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கிற முகமும் அவளுக்கு இல்லை.

சனிக்கிழமை அவள் நீல அட்டையோடு வரிசையில் நின்றாள். சீட்டில் நாலாவது கட்டம் வந்தது. மூன்றெழுத்து வார்த்தை. ஊரில் ஆளாளுக்கு அவளைக் கூப்பிடுகிற வார்த்தை. எழுதியபோது பேனா ஒரு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது. உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைப் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் எண்ணையும் உறவையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். "நாப்பத்தொண்ணு பன்னெண்டு, அக்கா" என்று அது கத்தியபோது அத்தனை தலையும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் ஆள் வருகிற கவலை.

தம்பி கையில் சீட்டோடு வந்தான். உட்கார்ந்தான். கண்ணாடியும் ரிசீவரும் இல்லாமல் இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன்தான் முதலில் ஒரு விரலால் அவள் கைமுட்டியைத் தொட்டான். கை ஏன் இப்படிச் சொரசொரன்னு இருக்கு என்றான். ப்ளீச்சுடா என்றாள். க்ளவுஸ் போடச் சொன்னேன்ல என்றான். பெரிய மனுஷன் மாதிரி அதட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடிக்கவில்லை, பக்கத்து மேசையிலிருந்து பஸ் ஓட்டின பெரியவர் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு. "உங்களயும் உள்ள விட்டுட்டாங்களா? ரொம்ப சந்தோஷம்மா. டேய், நான் சொல்வேன்ல, அவங்கதான் இவங்க. சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, இந்தப் பையனுக்கு யாருமில்லன்னு மாசா மாசம் வராங்க." தம்பியின் தோளைத் தட்டினார். "நீ கொடுத்து வச்சவம்ப்பா."

தம்பி அக்காவைப் பார்த்தான். அலுவலர் அறையில் பார்த்த அதே பார்வை. என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. கையில் அக்கா என்று எழுதின சீட்டை வைத்துக்கொண்டும் அவன் இன்னும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தான். ஆமாங்க என்று அவன் வாய் திறக்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் இவன் கூடப்பொறந்த அக்காங்க" என்றாள். எழுந்து நின்று சொன்னாள். "வெக்கப்பட்டுக்கிட்டு தெரிஞ்சவங்கன்னு எழுதிட்டேன். நீங்க நல்லவ நல்லவன்னு சொன்னப்பல்லாம் வாயத் தொறக்காம உங்க டீயக் குடிச்சேன்."

பெரியவரின் கை தம்பி தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. அவர் மகனைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், கடைசியில் இவளைப் பார்த்தார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினார். அப்புறம் முக்கால் மணி நேரமும் அந்தப் பக்கத்திலிருந்து அவர் தலை திரும்பவில்லை. அது நியாயம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எதுக்குக்கா இப்ப, அவரு நல்லாத்தானே பேசினாரு என்று தம்பி முணுமுணுத்தான். அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். முதல் சீட்டைப் பார்த்தபோது என்னடா நினைத்தாய் என்று.

அவன் மேசையைக் கொஞ்ச நேரம் நகத்தால் கீறினான். "கோர்ட்ல அவங்க பக்கத்துல நீ உக்காந்திருந்தத நான் பாத்தேன்கா. அவங்க பாட்டில் உன் கையில இருந்துச்சு. அந்தத் தண்ணியக் குடிச்சுட்டு நான் இவன் அக்கான்னு எப்படிச் சொல்லுவ? அவங்களுக்கு நான் பண்ணுனதுக்கு நீ எங்க போனாலும் தல குனியணும். அதான், நம்ம பேரச் சேக்காம விட்டா உனக்காவது நிம்மதின்னு விட்டுட்டேன்."

அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பஸ் ஏறும்போது பிடித்த மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் என்பது அப்படி ஒன்றும் அதிகமில்லை. இஸ்திரி அண்ணன் வீட்டு மேப்பைப் பற்றிச் சொன்னாள். பதினோரு ஊசி என்றதும் அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவன் எழுந்து, சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மூலையோடு மூலை சரியாகச் சேர்த்து மடித்தான், கூடத்தில் பார்த்துப் பழகின மடிப்பு. அதை வச்சு என்னடா பண்ணப்போற என்று அவள் கேட்டாள்.

"மத்ததோட வைக்கணும்."

"மத்ததுன்னா?"

"முப்பத்திமூணு இருக்குக்கா. ஒண்ணு விடல."

முப்பத்து மூன்றிலும் நாலாவது கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? அத்தனையும் அவள் கையால் எழுதினதுதானே. "அதயெல்லாம் கிழிச்சுப் போட்டுருடா, உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றாள்.

"போக்கா" என்றான் அவன், காவலர் பின்னால் நடந்தபடியே. "உன் கையெழுத்துல எனக்குப் படிக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில் எல்லோரும் போனபிறகு ஒரு காவலர் வந்து, எழுந்திருங்கம்மா என்று சொன்னார். எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. பையில் சலவை டோக்கன் எழுதுகிற நோட்டு இருந்தது. அதன் கடைசித் தாளைக் கிழித்து, மடியில் பையை வைத்து அதன்மேல் விரித்துக்கொண்டாள். 'அன்புள்ள தம்பிக்கு, உன் அக்கா எழுதுவது' என்று எழுதினாள். அதற்குமேல் ஓடவில்லை. மூன்று வருடத்தை எந்த முனையில் பிடித்து ஆரம்பிப்பது? ஒரு பஸ்ஸை விட்டாள். கடைசியில், கப்பல் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது. பதினோரு ஊரையும் வரிசையாக எழுதினாள்.